‘செகண்ட் பிடில்’ வாசிக்கத் தயார் என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஹட்டனில் ஒரு நிதி நிறுவனத்தில் உதவி முகாமையாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறார். “மேலே இருப்பவரோடு ஒத்துப்போவீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்களாம். இவர் பணிவாகச் சொல்வதாக நினைத்து, “ஐ ஆம் ஹேப்பி டு பிளே செகண்ட் பிடில் டு தி மேனேஜர்” என்றாராம். உள்ளே இருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். “இது இலக்கணப் பிழையா, அர்த்தப் பிழையா? தமிழில் இதை எப்படிச் சொல்வது?” இதுதான் கேள்வி.

தம்பி, இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ‘டு’ கூட இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. பிழை, அந்தச் சொற்றொடரோடு ஒட்டிக்கொண்டு வரும் மனத்தாங்கலில் இருக்கிறது. ‘பிளே செகண்ட் பிடில்’ என்றால் ஒருவருக்கு அடுத்த, முக்கியம் குறைந்த இடத்தில் நிற்பது. அதைச் சொன்னாலே கேட்பவர் காதில் ஒரு பெருமூச்சு விழும். “எனக்கும் முன்னால் நிற்கத் தகுதி உண்டு, ஆனால் பின்னால் நிற்க வைத்துவிட்டார்கள்” என்கிற பெருமூச்சு. அதோடு ‘ஹேப்பி’ என்ற சொல்லைச் சேர்த்தால், “ஓரங்கட்டப்படுவதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்” என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. சிரிப்பு அதற்குத்தான். உங்கள் பணிவைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள்.

பிடில் என்றால் வயலின்தான், வேறு கருவி இல்லை. கச்சேரி மண்டபத்தில் மரியாதையாகச் சொன்னால் வயலின், கிராமத்து ஆட்டபாட்டத்திலும் பேச்சு வழக்கிலும் பிடில். நம் பத்திரிகைகள் அரசியல்வாதிகளைத் திட்டும்போதெல்லாம் ‘ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்தான்’ என்று எழுதுவதால் சொல் நமக்குப் பழக்கம். (நீரோ செத்தது கி.பி. 68இல். இன்று நாம் காணும் வயலின் இத்தாலியில் உருவானது 16ஆம் நூற்றாண்டில். ஆகவே எந்தக் கருவியை வாசித்திருந்தாலும் பிடிலை வாசித்திருக்க வழியில்லை.)

மேற்கத்திய இசைக்குழுவில் வயலின்காரர்கள் இரண்டு பிரிவாக உட்காருவார்கள். முதல் வயலின் பிரிவு பெரும்பாலும் மெட்டை வாசிக்கும். இரண்டாம் பிரிவு அதற்குக் கீழே இன்னொரு சுர வரிசையை வாசித்து மெட்டைத் தாங்கிப் பிடிக்கும். நால்வர் மட்டும் வாசிக்கும் குவார்ட்டெட் என்ற சிறு குழுவிலும் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அங்கேயும் ஒரு வயலின் முதலாவது, மற்றது இரண்டாவது. கருவி ஒன்றுதான், வில்லும் ஒன்றுதான், படித்த படிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சபை வீட்டுக்குப் போகும்போது முணுமுணுத்துக்கொண்டு போவது முதலாமவர் வாசித்த மெட்டை. இந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே கருவிக்காரர்கள் என்பதால்தான் அந்த ஏக்கம் வருகிறது. மிருதங்கக்காரருக்குப் பாடகரைப் பார்த்து அந்த ஏக்கம் வருவதில்லை.

அமெரிக்காவில் எமர்சன் குவார்ட்டெட் என்று ஒரு பேர்போன குழு இருந்தது. 1976இல் தொடங்கி 2023 வரை வாசித்தார்கள். அதில் இருந்த இரண்டு வயலின்காரர்களும் ஒரு படைப்பில் ஒருவர் முதலாவது, அடுத்ததில் மற்றவர் முதலாவது என்று மாறி மாறி உட்காருவார்கள். திறமையில் வித்தியாசம் இல்லாதபோது நாற்காலியில் மட்டும் ஏன் வித்தியாசம் என்று நினைத்தார்களோ என்னவோ.

சரி, நமக்கு ஏன் இந்த இடத்தில் கால் இடறுகிறது? எனக்குத் தோன்றுவது, நம் காதில் இருக்கும் இசை வேறு என்பதால்தான். கர்நாடகக் கச்சேரியில் வயலின் பக்கவாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் அதைக் கற்றுக்கொண்டு நம் இசைக்குள் கொண்டுவந்தார். அன்றிலிருந்து பாடகர் பாடப் பாட, வயலின் நிழல் மாதிரிப் பின்னால் வரும். நடுவில் தனக்கென்று விட்ட இடத்தில் தன் கைவரிசையைக் காட்டும். அப்படி வாசிப்பவரை யாரும் ‘பாவம், இரண்டாம் இடம்’ என்று நினைப்பதில்லை. பாடகருக்குப் போட்ட மாலையைப் போலவே அவருக்கும் ஒரு மாலை. குன்னக்குடி வைத்தியநாதன் பக்கத்தில் தவிலை வைத்துக்கொண்டு வயலினையே முன்னுக்குக் கொண்டுவந்தபோது அது ஒரு புதுமை என்று ரசித்தோமே தவிர, பக்கவாத்தியக்காரர் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார் என்று சொல்லவில்லை. ஆகவே ‘பிடில்’, ‘இரண்டாவது’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டதும் நம் மனதில் பக்கவாத்தியம் வந்து உட்காருகிறது. பக்கவாத்தியத்தில் மரியாதை உண்டு, மனத்தாங்கல் இல்லை. நீங்கள் நேர்முகப் பரீட்சையில் சொல்ல நினைத்தது பக்கவாத்தியத்தை. சொன்னது செகண்ட் பிடிலை.

இன்னொரு பக்கமும் இடறலாம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஒத்து என்ற குழலைப் பிடித்துக்கொண்டு நிற்பதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். இன்று அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது. ஒரே சுரம்தான். கன்னம் உப்ப இரவு முழுக்க அதையே ஊத வேண்டும். அதிலிருந்து வந்ததுதான் ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற ஏச்சு. ஜால்ரா அடிப்பதும் அந்தக் குடும்பம், பின்பாட்டுப் பாடுவதும் அந்தக் குடும்பம். ஒருமுறை வகுப்பில் ஒரு பிள்ளை ‘பிளே செகண்ட் பிடில்’ என்பதற்கு நேரே ‘ஜால்ரா அடித்தல்’ என்று எழுதியிருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, இசையிலிருந்து வந்த சொல்லுக்கு இசையிலிருந்தே ஒரு சொல்லைத் தேடியிருக்கிறது. ஆனால் பொருந்தாது. ஜால்ரா அடிப்பவன் விரும்பித்தான் அடிக்கிறான், அதில் அவனுக்கு வரும்படியும் இருக்கும். செகண்ட் பிடில்காரர் யாரையும் புகழ வேண்டியதில்லை. முன்னால் நிற்பவரைக் கண்டாலே பிடிக்காதவராகக்கூட இருக்கலாம். அவருடைய இடம் மட்டும்தான் இரண்டாவது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நம் கண்டிக்காரர் முத்தையா முரளிதரனும், அவர் பக்கத்தில் நின்ற ரங்கன ஹேரத்தும். ஹேரத் டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு வந்தது 1999இல். முரளி பந்து வீசிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவருக்கு அணியில் நிலையான இடமே இல்லை. உள்ளே வருவார், வெளியே போவார். முரளி 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டு டெஸ்டிலிருந்து ஒதுங்கினார். அதற்குப் பிறகுதான் ஹேரத் யார் என்று ஊருக்குத் தெரிந்தது. 2018இல் அவரும் ஓய்வு பெற்றபோது கணக்கில் 433 டெஸ்ட் விக்கெட்டுகள் இருந்தன. அந்த நாளில் இடது கைச் சுழற்பந்து வீச்சாளர் எவரும் அத்தனை எடுத்ததில்லை. அவற்றில் பெரும்பகுதி முரளி போன பிறகு விழுந்தவை. இதை ஆங்கிலத்தில், “ஃபார் இயர்ஸ் ஹேரத் பிளேட் செகண்ட் பிடில் டு முரளி” என்று எழுதினால் சொற்றொடர் அச்சில் வார்த்த மாதிரி உட்காரும். இரண்டு பேரும் ஒரே வேலைக்காரர்கள், இரண்டு பேரிடமும் சரக்கு இருந்தது, ஒருவர் மட்டும் முன்னால் நின்றார். ஹேரத்துக்கு அது மனக்குறையாக இருந்ததா என்று வாக்கியம் சொல்வதில்லை. ஆனாலும் வாசிப்பவர் ஒரு ‘ச்சே’ போட்டுக்கொள்வார். அந்த ‘ச்சே’ வர வேண்டிய இடத்தில் மட்டும் இதைப் பாவியுங்கள்.

தோட்டத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். பெரிய தொரை, சின்னத் தொரை என்று இருவர் இருப்பார்கள். சின்னத் தொரை பெரிய தொரைக்குக் கீழே வேலை செய்கிறார் என்பதற்காக அவர் செகண்ட் பிடில் வாசிக்கிறார் என்று சொல்ல முடியாது. அது பதவி, அப்படித்தான் இருக்கும். கங்காணிக்கு மேலே கணக்கப்பிள்ளை என்பதைப் போல. ஆனால் இரண்டு சின்னத் தொரைமார் இருந்து, ஒருவரை மட்டும் எல்லாக் கூட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போய், மற்றவரைப் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், பெயர் கூப்பிட மட்டும் விட்டால், அவரைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். படிநிலைக்கு இந்தச் சொற்றொடரில் பெரிய வேலை இல்லை. யார் மெட்டை வாசிக்கிறார், யாரை மெட்டை வாசிக்க விடவில்லை என்பதுதான் கேள்வி.

இதை நானும் பட்டுத்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வு பெறும் ஒரு பிரதி அதிபருக்குப் பிரியாவிடைக் கூட்டம். ஆங்கில ஆசிரியர் என்பதால் இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். மனிதர் பன்னிரண்டு வருடமாக அதிபருக்குத் தோளோடு தோள் நின்றவர். அதைப் பாராட்டுவதாக நினைத்து, “ஹி பிளேட் செகண்ட் பிடில் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்” என்று சொல்லிவிட்டேன். கைதட்டல் வந்தது. அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்து, “என்ன சேர், கடைசி நாளில் அதையும் சொல்லிக் காட்டிட்டீங்களே” என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது. இவருக்கு அதிபர் பதவி இரண்டு தடவை கைக்கெட்டி நழுவியிருக்கிறது என்று வேறு பிறகு தெரிய வந்தது.

ஆகவே யார், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று பாருங்கள். தன்னைப் பற்றி ஒருவர் சொன்னால் அது முறைப்பாடு: “ஐ ஆம் டயர்ட் ஆஃப் பிளேயிங் செகண்ட் பிடில் டு மை பிரதர்.” அண்ணனுக்கு அடுத்த இடத்திலேயே நின்று சலித்துப்போய்விட்டது என்கிறார். மறுத்துச் சொன்னால் ரோஷம்: “ஷி ரிஃபியூஸ்ட் டு பிளே செகண்ட் பிடில் டு எனிவன்.” யாருக்கும் பின்னால் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் ஆளைப் பற்றி, அவர் இல்லாத இடத்தில் சொன்னால் ஒரு மதிப்பீடு, சில நேரம் பரிவு. முகத்துக்கு நேரே சொன்னால், நான் சொன்னது மாதிரித்தான். உண்மையான பணிவோடு ‘நான் செகண்ட் பிடில் வாசிக்கத் தயார்’ என்று ஆங்கிலேயர்களும் சொல்வதுண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய ஆள் ஒருவர், தன் பெருமை ஊருக்கே தெரிந்த நிலையில், இளையவர் ஒருவருக்கு வழிவிட்டு அப்படிச் சொன்னால் அழகாக இருக்கும். வேலை தேடிப் போகிற நாம் சொன்னால் எடுபடாது.

ஆளுக்கு மட்டும்தான் என்று இல்லை, பொருளுக்கும் வரும். நம் மலைகளே அதற்குச் சாட்சி. இன்று பார்க்கிற இடமெல்லாம் தேயிலை என்றாலும், நம் முன்னோரை 19ஆம் நூற்றாண்டில் இங்கே கூட்டிவந்தது கோப்பிக்காக. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். அப்போது அது ஓரத்தில் வைத்த பயிர், ராஜா கோப்பிதான். 1869இல் இலைத் துரு நோய் வந்து கோப்பி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்ததும் துரைமார் கையில் மிஞ்சியது தேயிலை. “டீ பிளேட் செகண்ட் பிடில் டு காஃபி அன்டில் தி பிளைட் கேம்” என்று எழுதலாம் (பிளைட் என்றால் இங்கே பயிர் நோய்). பொருளுக்குச் சொல்லும்போது அந்த மனத்தாங்கல் இல்லாமல் போய்விடும், வெறும் ‘முக்கியம் குறைந்தது’ என்ற அர்த்தம்தான் நிற்கும். தேயிலைச் செடி கோபித்துக்கொள்ளாதே. பரீட்சைக் கட்டுரையில் எழுத ஆசையாக இருந்தால் இந்த வகையில் எழுதிப் பழகுங்கள், ஆபத்து குறைவு.

இலக்கணம் சொற்பம்தான். ‘செகண்ட்’டுக்கு முன்னால் ‘எ’யும் வேண்டாம், ‘தி’யும் வேண்டாம். யாருக்குப் பின்னால் என்பதைச் சொல்ல ‘டு’ மட்டும். நம் பிள்ளைகள் ‘ஃபார்’, ‘வித்’ என்று போடுவார்கள், பிழை. காலத்துக்கு ஏற்ப ‘பிளே’ மட்டும் மாறும். பிடிலை எடுத்துவிட்டு வயலினைப் போட்டால் சொற்றொடரே செத்துவிடும், அப்புறம் அவர் நிஜமாகவே இசைக்குழுவில் வாசிப்பவர் என்றுதான் அர்த்தம். கொஞ்சம் பேச்சு வாடை உள்ள சொற்றொடர் என்பதால் பத்திரிகையில் வரும், கதையில் வரும், விண்ணப்பக் கடிதத்திலும் அலுவலக அறிக்கையிலும் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இதோடு குழம்புகிற இன்னொன்று ‘செகண்ட் டு நன்’. அதற்கு அர்த்தம் நேர் எதிர்: யாருக்கும் இரண்டாவது இல்லை, அதாவது முதல் தரம். “அவர் ஸ்கூல் இஸ் செகண்ட் டு நன்” என்றால் பெருமை. ஒரு விளையாட்டுப் போட்டி வரவேற்புரையில் மாணவத் தலைவன் ஒருவன் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து “செகண்ட் பிடில் டு நன்” என்று முழங்கினான். பெற்றோர் எல்லாரும் கைதட்டினார்கள், எனக்கு மட்டும்தான் வயிறு கலங்கியது. ‘டேக் எ பேக் சீட்’ என்பது கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் அதில் தானாகப் பின்னுக்கு நகர்ந்துகொள்கிற பாவனை கூடுதல். வளவளவென்று பேசுகிற மாமா பஸ்ஸில் பின் ஆசனத்துக்குப் போய் உட்கார்ந்து, “நீங்க பேசுங்க, நான் கேட்கிறேன்” என்பது மாதிரி.

உங்களுக்கு நேர்முகப் பரீட்சையில் வேண்டியிருந்தது இவை எதுவும் இல்லை. “ஐ வொர்க் வெல் இன் எ சப்போர்ட்டிங் ரோல்” என்று சொல்லியிருந்தால் போதும். ‘சப்போர்ட்டிங் ரோல்’ கிட்டத்தட்ட நம் பக்கவாத்தியம்: மரியாதையான சொல், உள்ளே பெருமூச்சு கிடையாது. “ஐ கேன் டேக் டிரெக்ஷன், அண்ட் ஐ கேன் டேக் சார்ஜ் வென் நீடட்” என்றால் இன்னும் நல்லது. சொன்னதைக் கேட்டுச் செய்வேன், தேவைப்பட்டால் பொறுப்பும் எடுப்பேன் என்று இரண்டும் வந்துவிடும். உதவி முகாமையாளருக்கு அதுதானே வேலை. அப்புறம், நிதி நிறுவனம் என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். ஆங்கிலேயர் பேச்சில் ‘பிடில்’ வினைச்சொல்லாக வந்து, பக்கத்தில் ‘அக்கவுண்ட்ஸ்’ நின்றால், கணக்கில் கை வைப்பது, பொய்க்கணக்கு எழுதுவது என்று அர்த்தம். காசு எண்ணுகிற இடத்தில் அந்தச் சொல்லை எந்த வடிவத்திலும் எடுக்காமல் இருப்பது உத்தமம்.

தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ‘இரண்டாம் பிடில் வாசித்தல்’ என்று சிலர் அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். என் காதுக்கு அது தமிழ் இல்லை. ஒரே சொல்லில் பிடிக்கப் பார்க்காமல் இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பொருளுக்கு என்றால் ‘இரண்டாம் பட்சம்’ நன்றாகப் பொருந்தும்: “கோப்பி இருந்தவரை தேயிலை இரண்டாம் பட்சம்தான்.” ஆளுக்கு என்றால், “முரளி இருந்தவரை ஹேரத் அவர் நிழலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.” அந்த ‘நிற்க வேண்டியதாயிற்று’வில்தான் பெருமூச்சு இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம். அண்ணனைப் பற்றிய வாக்கியத்தை எங்கள் தோட்டத்து லய வீட்டில் ஒரு தங்கச்சி சொன்னால் எப்படிச் சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். “எப்பப் பார்த்தாலும் அண்ணன், அண்ணன். நான் ஒருத்தி இந்த வீட்டுல இருக்கேனா இல்லையா?” பிடிலும் இல்லை, இரண்டும் இல்லை. ஆனால் அர்த்தம் சிந்தாமல் வந்துவிட்டது.